டிசம்பர் முப்பத்தொன்று என்று எழுதியவர்

2023 நவம்பர் 13 – 512
2024 ஜனவரி 15 – 412
2024 பிப்ரவரி 5 – 352
2024 மார்ச் 4 – 280
2024 செப்டம்பர் 16 – 220
2024 அக்டோபர் 14 – 120
2024 நவம்பர் 11 – 0

மேலே இருப்பவை டென்னிஸ் ஆடும் ஒரு பெண்ணின் தரவரிசைப் புள்ளிகள். பதினெட்டு வயது வரையுள்ளவர்கள் நாடு நாடாகப் போய் ஆடும் ஜூனியர் சுற்றில், ஒரு போட்டியில் எடுத்த புள்ளிக்கு ஐம்பத்திரண்டு வாரம்தான் ஆயுள். அது முடிகிற திங்கட்கிழமை, அந்தப் புள்ளி கூட்டலிலிருந்து கழிந்துவிடும். அதற்குள் புதிதாக ஆடிப் புதிய புள்ளி சேர்த்தால் கணக்கு நிற்கும். ஆடாவிட்டால் கரையும். இது கரைந்த கணக்கு.

எழுதியவர் அந்தப் பெண்ணின் அப்பா. இதில் ஒரு எண்கூடப் பிழையில்லை. அவர் வாழ்நாளில் தெரிந்தே எழுதிய பிழை ஒன்றே ஒன்றுதான். அது வேறொரு புத்தகத்தில் இருக்கிறது.

அவர் நகராட்சி அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவின் குமாஸ்தா. 1992 ஆகஸ்டு 3, திங்கட்கிழமை, வேலையில் சேர்ந்தார். தரைத்தளத்தின் பின்பக்க அறை. நீளம் இருபத்திரண்டு அடி, அகலம் பதினான்கு. மூன்று சுவர்களிலும் இரும்பு அலமாரிகள், நான்காவது சுவரில் கைக்கெட்டாத உயரத்தில் இரண்டு ஜன்னல்கள். ஜன்னலுக்கு வெளியே நகராட்சியின் டென்னிஸ் மைதானம், இரண்டு சிமெண்ட் தளங்கள். பந்து அடிபடும் சத்தம் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

அலுவலகத்தில் அவருக்கு 'தேதி' என்று பெயர். "தேதி சார் லீவா?" என்று கேட்பார்களே தவிர, சொந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் ஆள் தெரியாது. பதிவேட்டில் ஒருமுறை எழுதிய பிறந்த தேதி அவருக்கு மறக்காது. டீ குடிக்கப் போன இடத்தில் முன்பின் தெரியாத இளைஞனைப் பார்த்து, "தம்பி, உங்கப்பா பேரு இதுதானே? நீங்க பொறந்தது செவ்வாய்க்கிழமை" என்பார். அவன் மிரண்டு போவான். வரி வசூல் பிரிவுக்காரர் அவரைக் கண்டாலே கையெடுத்துக் கும்பிடுவார். "சார், எங்க வீட்டுக்காரி வயசு உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். புண்ணியமாப் போகும், என்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. நான் நிம்மதியா இருக்கேன்."

ஜூன் மாதம் வந்தால் அந்த அறையின் வாசலில் பெற்றோர் வந்து நிற்பார்கள். டிசம்பர் 31-க்குள் ஆறு வயது நிறைந்தால்தான் பள்ளியில் அந்த ஆண்டு இடம். ஜனவரியில் பிறந்த பிள்ளை ஒரு வருடம் வீட்டில் இருக்க வேண்டும். அதைத் திருத்தித் தரச் சொல்லிக் கெஞ்சுவார்கள், அழுவார்கள், மிரட்டுவார்கள்.

"நாலு நாள்தானே சார்?"

"நாலு நாள்னா நாலு நாள்தாங்க."

"உங்க கையில என்ன தேஞ்சா போகுது?"

"கை தேயாதுங்க. புஸ்தகம் கெட்டுப்போகும்."

கல்நெஞ்சுக்காரன் என்று திட்டிவிட்டுப் போனவர்கள் எத்தனையோ பேர். அவர் அதையெல்லாம் காதில் போட்டுக்கொண்டதில்லை. பதிவேட்டில் அடித்துத் திருத்த வேண்டுமானால் சிவப்பு மையில் ஒரே கோடு போட்டு, பக்கத்தில் பதிவாளர் சுருக்கொப்பம் இட வேண்டும் என்பது விதி. அவர் எழுதிய பக்கங்களில் அப்படி ஒரு சிவப்புக் கோடு விழுந்ததே இல்லை.

கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்துத்தான் அவருக்குக் குழந்தை பிறந்தது. 2006 ஜனவரி 2, திங்கட்கிழமை, காலை 6.10. பெண் குழந்தை, எடை இரண்டு கிலோ எழுநூறு கிராம். அவர் மனைவி நர்ஸ். தான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே பிரசவம். ஒன்பது நாள் கழித்து, 11-ஆம் தேதி புதன்கிழமை, மதியம் சாப்பிட்டு வந்து மகளின் பிறப்பைப் பதிவு செய்யப் பேனாவைத் திறந்தார். பிறந்த தேதி என்ற கட்டத்துக்கு வந்ததும் கை நின்றது.

அவருக்கு அப்போது வயது நாற்பத்தொன்று. ஓய்வு பெறுவது 2024 அக்டோபர் 31. மகள் ஒரு வருடம் தாமதமாகப் பள்ளியில் சேர்ந்தால் அவள் படிப்பு பாதியில் இருக்கும்போது அவருக்குச் சம்பளம் நின்றுவிடும். ஆறாவது வருட ஜூன் மாதத்தில் இதே வாசலில் தானும் ஒரு தகப்பனாக நிற்பதை அவரால் பார்க்க முடிந்தது. வேறு யாருக்கும் அந்த இடத்தில், அந்த நேரத்தில், அப்படியொரு நினைப்பு வந்திருக்காது. பதினைந்து நாள்கூட ஆகாத குழந்தைக்குப் பள்ளிக்கூடக் கணக்குப் போட அந்த நாற்காலியில் உட்கார்ந்தவரால்தான் முடியும்.

31.12.2005 என்று எழுதினார். எழுத்து வழக்கம்போல மணிமணியாக இருந்தது.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். "ரெண்டு நாள் முன்னால போட்டுட்டேன். பள்ளிக்கூடத்துல ஒரு வருஷம் மிச்சம்."

அந்த அம்மாள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டுப் பார்த்தார். "நீங்களா?" என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சு அந்த வீட்டில் பதினேழு வருடம் எழவில்லை.

பள்ளி விட்டதும் மகள் அப்பாவின் அறைக்கு வந்துவிடுவாள். அம்மாவுக்கு ஷிப்ட் வேலை. ஐந்தரை மணி வரை அலமாரிகளுக்கு நடுவே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். ஏழு வயதில் ஒருநாள், உயரத்து ஜன்னல் வழியாக ஒரு டென்னிஸ் பந்து வந்து திறந்து கிடந்த இறப்புப் பதிவேட்டின்மேல் விழுந்தது. அதைத் திருப்பிக் கொடுக்கப் போனவள் ஐந்தரை மணிக்கும் வரவில்லை. அப்பா போய்ப் பார்த்தபோது, தன் உயரத்துக்குப் பாதி இருந்த மட்டையைப் பிடித்துக்கொண்டு தளத்தின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஓடிக்கொண்டிருந்தாள்.

"இவ உங்க பொண்ணா சார்?" என்றார் கோச். தடித்த கழுத்தும் தகர டப்பா குரலுமாக இருப்பவர். "நாளைக்கும் அனுப்புங்க. நிக்கவே மாட்டேங்கறா, பம்பரம் மாதிரி."

அதுதான் பெயராக நின்றது. "ஏய் பம்பரம், கயிறு அறுந்துடுச்சா? ஓடு!" என்ற சத்தம் அடுத்த பத்து வருடம் அந்த ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருந்தது. சத்தத்தை வைத்தே அவருக்கு மகளின் ஆட்டம் தெரியும். அவள் சர்வீஸ் போட்டால் பந்து ஒரு பொட்டலம் கிழிவதுபோல் ஒலிக்கும். அது சரியாக ஒலிக்காத நாளில் வீட்டில், "தோள் வலிக்குதா?" என்று கேட்பார்.

பதின்மூன்று வயதில் ஜூனியர் சுற்றுக்குப் போனாள். லீவு கிடைத்தபோதெல்லாம் அப்பாதான் கூடப் போனார். மட்டையைப் பிடித்தறியாத மனிதர் விதிப்புத்தகத்தை வரிவரியாகப் படித்தார். பெயர் கொடுக்கக் கடைசி நேரம் எது, விலகக் கடைசி நேரம் எது, தகுதிச்சுற்றுக்கு எத்தனை மணிக்குள் மேஜைக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும் என்பதெல்லாம் அவர் நுனிவிரலில். மூன்று விமானம் மாறிப் போன ஊர்களில், குளியலறையில் மகளின் சட்டையை அலசிப் பிழிந்து, ஜன்னல் கம்பியில் காயப்போட்டுவிட்டுக் காலையில் மைதானத்துக்குப் போவார்கள். மற்ற தகப்பன்மார் வேலியைப் பிடித்துக்கொண்டு கத்துவார்கள், தலையில் அடித்துக்கொள்வார்கள். இவர் ஒரு மூலையில் உட்கார்ந்து பென்சிலால் ஒவ்வொரு புள்ளியையும் எழுதுவார்.

ஆட்டம் முடிந்து வந்ததும், இரண்டு சர்வீஸும் தவறிப் போன புள்ளிகளைத்தான் மகள் முதலில் கேட்பாள். "எத்தனை டபுள் ஃபால்ட்ப்பா?"

"பதினொண்ணு."

"பத்துதான்."

"பதினொண்ணு. மூணாவது கேம்ல ஒண்ணு போட்டியே, மறந்துட்டியா?"

"தோத்துட்டு வந்த பொண்ணுகிட்ட ஒண்ணு குறைச்சுச் சொன்னாத்தான் என்னவாம்?"

"சொன்னா நாளைக்கு என்னை நம்ப மாட்டே."

2023-தான் அவளுக்குக் கடைசி ஜூனியர் ஆண்டு. இந்தச் சுற்றில் பிறந்த நாளைப் பார்ப்பதில்லை, பிறந்த ஆண்டைப் பார்ப்பார்கள். 2005-இல் பிறந்த எல்லாருக்கும் 2023 டிசம்பரோடு வாசல் மூடும். 2006 என்றால் இன்னும் ஓராண்டு. மகள் காகிதத்தில் 2005. அந்த ஜனவரியில் ஒரு போட்டியை வென்றாள், 100 புள்ளி. அடுத்ததில் இறுதி ஆட்டம், 60. அதற்கடுத்த, இன்னும் பெரிய போட்டியில் அரையிறுதி, 72. மார்ச் மாதத்தில் இடது பாத எலும்பில் மயிரிழை விரிசல். ஐந்து மாதம் போயிற்று. செப்டம்பரில் திரும்பி வந்து மூன்றே போட்டிகளில் 280 புள்ளி எடுத்தாள். நவம்பர் 13 அன்று மொத்தம் 512. உலகத்தில் நூற்று நாற்பத்தொன்பதாவது இடம்.

மறுநாள் சாயங்காலம் கோச் அலுவலகப் படிக்கட்டில் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"நூறுக்குள்ள போயிட்டா, சார், பெரிய போட்டி நாலுலயும் ஜூனியர் பிரிவுல ஆடலாம். பெரியவங்க சுற்றுலயும் நேரா இடம் குடுப்பாங்க. இல்லேன்னா அங்க போய் வரிசையில கடைசி ஆளா நிக்கணும். இவளுக்கு இன்னும் எட்டு மாசம் போதும். எட்டே மாசம்! எங்க இருக்கு?" கோச் சிரித்தார். "ஆனாலும் டிசம்பர் முப்பத்தொண்ணுல போய்ப் பொறப்பாளா சார் ஒருத்தி? ஆட்டத்துலதான் அவசரக்குடுக்கைன்னு நெனச்சேன். ரெண்டு நாள் பொறுத்துப் பொறந்திருந்தா இன்னொரு முழு வருஷம் இருந்திருக்கும்ல?"

அவர் வீட்டுக்கு நடந்தே போனார். பஸ்ஸில் போகிற தூரம்.

கோச் சொன்னதை அவர் சொல்ல, மனைவி முழுக்கக் கேட்டார். பிறகு, "அன்னிக்கு ஒரு வருஷம் மிச்சம்னு சொன்னீங்க. அந்த வருஷத்தைத்தான் இப்ப தேடறீங்க" என்றார்.

"எழுதிக் குடுத்துடறேன். நான் பொய்யா எழுதினேன்னு."

"குடுங்க. ஆனா முதல்ல அவகிட்ட கேளுங்க. ஆடறது அவ."

"கேக்கறேன்."

கேட்கவில்லை. கேட்டால் மகள் அப்பாவின் வேலைக்காக வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயம். நவம்பர் 20, திங்கட்கிழமை, பதிவாளரின் மேஜையில் ஒன்றரைப் பக்கக் கடிதத்தை வைத்தார். பதிவாளர் அவரைவிட இருபது வயது இளைய பெண். இரண்டு தடவை படித்தார்.

"உக்காருங்க சார்."

"பரவாயில்ல மேடம்."

"உக்காருங்க. இன்னும் பதினோரு மாசத்துல ரிட்டயர் ஆகப்போறீங்க. இதை நான் வாங்கிக்கிட்டா மேல அனுப்பியே ஆகணும். தெரியும்ல?"

"தெரியும் மேடம். அனுப்புங்க."

"இத்தனை வருஷத்துல இந்த மாதிரி எத்தனை?"

"இது ஒண்ணுதான்."

"நான் நம்பறேன் சார்." பதிவாளர் கடிதத்தை மடித்தார். "மத்தவங்க நம்பணுமே."

அன்று சாயங்காலம்தான் மகளிடம் சொன்னார். அவள் ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சிரித்தாள். "அப்ப எனக்கு இத்தனை வருஷமா தப்பான நாள்ல வாழ்த்து சொல்லியிருக்கீங்க, ரெண்டு பேரும் சேர்ந்து!" திடீரென்று சிரிப்பு நின்றது. "அப்பா... அப்ப அடுத்த வருஷமும் ஆடலாமா?"

"ஆடலாம்."

அவள் ஒற்றை ஷூவோடு கூடத்தில் குதித்தாள். அம்மா, "பாதம், பாதம்!" என்று அலறினார்.

ஆஸ்பத்திரியின் பழைய பிரசவப் பதிவேடுகள் மாடியில், உடைந்த கட்டில்களுக்குப் பின்னால் கிடந்தன. அங்கே ரெக்கார்டு அறையைப் பார்த்துக்கொள்பவர் தும்மிக்கொண்டே, "எந்த வருஷம்? அதெல்லாம் எலிக்கு எழுதி வெச்சாச்சு" என்றார். எலி அந்தப் புத்தகத்தின் ஓரத்தை மட்டும்தான் தின்றிருந்தது. இரண்டே கால் மணி நேரம் தேடி அப்பா கண்டுபிடித்தார். 2.1.2006, காலை 6.10, பெண், 2.700. டிசம்பர் 18 அன்று பதிவாளர் மேடம் சிவப்புப் பேனாவை எடுத்து 31.12.2005-இன்மேல் கோடு போட்டுச் சுருக்கொப்பம் இட்டார். மை உலரும்வரை அப்பா புத்தகத்தை மூடவிடவில்லை.

அந்த ஆண்டில் மீதமிருந்த இரண்டு போட்டிகளிலும் மகள் முதல் சுற்றிலேயே தோற்றாள். அதைப்பற்றி யாரும் பெரிதாக வருத்தப்படவில்லை. இன்னும் ஒரு வருடம் இருக்கிறதே. ஜனவரி முதல் திங்கட்கிழமை ஜூனியர் பட்டியலிலிருந்து 2005-இல் பிறந்தவர்களின் பெயர்களெல்லாம் போயின. அவள் பெயரும் போயிற்று. "காகிதம் போய்ச் சேரட்டும், திரும்ப வந்துடும்" என்றார் அப்பா. புது பாஸ்போர்ட் வந்ததும், திருத்திய சான்றிதழ், ஆஸ்பத்திரிப் பதிவேட்டின் நகல், தன் வாக்குமூலம் எல்லாவற்றையும் சேர்த்து ஜனவரி 10 அன்று நம் நாட்டு டென்னிஸ் சங்கத்தின் வழியாக உலக டென்னிஸ் அமைப்புக்கு அனுப்பினார். பதினேழு இணைப்புகள், எல்லாவற்றிலும் வரிசை எண்.

முதல் பதில் பிப்ரவரி 9, வெள்ளிக்கிழமை வந்தது. திருத்திய சான்றிதழைக் கொடுத்திருப்பது விளையாட்டாளரின் தகப்பனார் பணிபுரியும் அலுவலகமே என்று தெரியவருகிறது. தகப்பனார் பதிவேட்டில் ஒருமுறை பொய்யான தேதி எழுதியதாகத் தாமே ஒப்புக்கொண்டிருக்கிறார். எனவே விசாரணை தேவைப்படுகிறது. அது முடியும்வரை விளையாட்டாளரின் பதிவு, ஜூனியர் சுற்று, பெரியவர் சுற்று இரண்டிலும் நிறுத்தி வைக்கப்படுகிறது.

இரண்டிலும் என்ற சொல்லை அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. ஜூனியர் போனாலும் பெரியவர்கள் சுற்றில் கடைசி ஆளாகவாவது வரிசையில் நிற்கலாம் என்பதுதான் எல்லாருடைய கணக்கும். மார்ச் மாதத்தில் இரண்டு போட்டிகளுக்கு மகள் பெயர்கூடக் கொடுத்திருந்தாள்.

கோச் அன்றைக்குக் கத்தவில்லை. அது கத்தியதைவிட மோசமாக இருந்தது.

"எதுக்கு சார் கிளறினீங்க? வயசைக் குறைச்சு ஆடறவங்களைப் புடிக்கறதுதான் அவங்களுக்கு இருக்கற பெரிய தலைவலி. வர்ற அப்பனெல்லாம் புதுத் தேதியோடதான் வர்றான். நீங்களும் போய், அன்னிக்கு எழுதினது பொய், இன்னிக்கு எழுதறதுதான் நெஜம்னா? பொய் எழுதினேன்னு கையெழுத்துப் போட்டவன் பேச்சை யார் சார் நம்புவா?"

"பிரசவப் பதிவேடு இருக்கே."

"அது யார் வேலை பார்த்த ஆஸ்பத்திரி?"

அவர் மனைவி அங்கே இருபத்தைந்து வருடம் வேலை பார்த்திருக்கிறார்.

மார்ச் 12 அன்று மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைச் சொல்லச் சொன்னார்கள். எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நல்லா வளர்ந்த பொண்ணு. பதினெட்டு இருக்கலாம், பத்தொன்பதும் இருக்கலாம். எந்த ரெண்டு தேதிக்கு நடுவுல சந்தேகம்?" என்று கேட்டார்.

"டிசம்பர் முப்பத்தொண்ணுக்கும் ஜனவரி ரெண்டுக்கும்" என்றாள் மகள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "எலும்புல தேதியெல்லாம் போட்டிருக்காதும்மா."

மகள் வாசல் வரை சிரித்துக்கொண்டு வந்தாள். ஆட்டோவில் ஏறியதும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மைதானத்தில் பேச்சு கிளம்பிவிட்டது. வேலியோரம் பிள்ளைகளுக்காகக் காத்திருந்த ஒரு தாய் இன்னொரு தாயிடம், "சில பேருக்கு வருஷம் போகப் போக வயசு ஏறும், சில பேருக்கு இறங்கும்" என்றதை அவர் காதாலேயே கேட்டார். அந்தத் தாயின் இரண்டு பிள்ளைகளின் பிறந்த தேதியும் அவருக்குத் தெரியும். குடையை விரித்துக்கொண்டு நடந்தார்.

அமைப்புக்கு ஐந்து நினைவூட்டல் கடிதம் எழுதினார். ஐந்துக்கும் 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரே பதில். திங்கட்கிழமைதோறும் காலையில் நீள நோட்டைத் திறந்து மகளின் புள்ளியைக் கணக்கிட்டார். அமைப்பின் பட்டியலில் அவள் பெயரே இல்லை. அவர் நோட்டில் மட்டும் இருந்தது. நாளைக்கே பதில் வந்தால் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை யாராவது அறிந்திருக்க வேண்டும் அல்லவா என்று நினைத்தார். மார்ச் 4-க்குப் பிறகு செப்டம்பர் வரை 280 அசையாமல் நின்றது. அந்த ஆறு மாதமும் அவருக்கு நம்பிக்கை இருந்தது.

மே மாதம் வரை மகள் தினமும் நான்கு மணி நேரம் பயிற்சி செய்தாள். பிறகு இரண்டு மணி நேரம். ஆடப் போட்டி இல்லாதவளுக்கு எதிரே நின்று ஆட ஆள் கிடைப்பதும் குறைந்தது. ஜூலையில் கோச் அவளிடம் எட்டு வயதுப் பிள்ளைகள் ஆறு பேரை ஒப்படைத்தார். "சும்மா கொஞ்ச நாளைக்குப் பார்த்துக்கோ பம்பரம், முழங்கால் என்னைக் கொல்லுது" என்றார். ஆகஸ்டில் ஒருநாள் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தி ஜன்னலைப் பார்த்தார். வெளியே பந்துச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. தட்டுத் தட்டென்று சின்னச் சின்னச் சத்தம். பொட்டலம் கிழிகிற அந்தச் சத்தம் எப்போது நின்றது என்று யோசித்துப் பார்த்தார். தேதி நினைவில்லை.

அக்டோபர் 31-இல் ஓய்வு பெற்றார். வாக்குமூலத்துக்காகக் கண்டனக் குறிப்பு ஒன்று பணிப்புத்தகத்தில் ஏறியிருந்தது. பதிவாளர் மேடம் வாசல் வரை வந்து, "வீட்டுக்கு வரேன் சார்" என்றார். வரி வசூல் பிரிவுக்காரர் மட்டும் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே எங்க வீட்டுக்காரி வயசு பத்திரமா இருக்கும்" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார்.

நவம்பர் 11, திங்கட்கிழமை காலை, நோட்டில் 0 என்று எழுதிக் கீழே இரட்டைக் கோடு போட்டார். மகள் பின்னால் வந்து நின்றதை அவர் கவனிக்கவில்லை. அந்த நோட்டை அவள் அதுவரை பார்த்ததில்லை.

"இதை எதுக்குப்பா எழுதறே?"

"யாராவது எழுதணும்ல."

அவள் பக்கத்தை மேலிருந்து கீழாகப் படித்தாள். "நீ எனக்காக ரெண்டு தடவை எழுதினே. முதல் தடவை என்னைக் கேட்டிருக்க முடியாது, எனக்கு ஒன்பது நாள் வயசு. ரெண்டாவது தடவை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லிடுவியோன்னு..."

"சொல்லியிருப்பேன்னு நெனைக்கறியா? அன்னிக்கு நான்கூடத்தான் குதிச்சேன்." அவள் அந்த 0-வின்மேல் விரலை வைத்தாள். "சொல்லியிருக்க மாட்டேன்ப்பா. ஆனா அப்ப நானும் சேர்ந்து தோத்திருப்பேன். இப்ப என் ஆட்டத்தை நீ ஆடித் தோத்துட்டே."

அவர் நோட்டை மூடினார். திரும்பவும் திறந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் பென்சிலைச் சீவ ஆரம்பித்தார். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா உள்ளே போனார். சற்று நேரம் கழித்து மகளே வந்து, பென்சிலை அவர் கையிலிருந்து வாங்கி வைத்தாள். "கையை வெட்டிக்கப் போறே" என்றாள்.

டிசம்பர் முழுக்க அமைப்பிலிருந்து தகவல் இல்லை. ஆண்டு முடிந்தது. அவர் மறுபடி எழுதவில்லை.

பிறகு அந்தக் கடிதம் வந்தது. நான்கு வரி. 2024 டிசம்பர் 31-உடன், கூறப்படும் இரண்டு பிறந்த தேதிகளில் எதன்படி பார்த்தாலும், விளையாட்டாளர் ஜூனியர் தகுதி வயதைக் கடந்துவிட்டார். ஆகவே தேதி குறித்து முடிவெடுக்க வேண்டிய தேவை இனி எழவில்லை. பதிவு நிறுத்தம் விலக்கிக்கொள்ளப்படுகிறது. கோப்பு முடிக்கப்படுகிறது.

தேவை எழவில்லை என்று எத்தனையோ மனுக்களின் ஓரத்தில் அவரே எழுதியிருக்கிறார். அதை வாங்கிக்கொண்டு போனவர்கள் வீட்டில் என்ன செய்திருப்பார்கள் என்று அவர் யோசித்ததில்லை.

மகள் படித்துவிட்டு மேஜைமேல் வைத்தாள்.

"நிறுத்தி வெச்சதை எடுத்துட்டாங்கம்மா" என்றார் அவர். "பெரியவங்க சுற்றுல பேர் குடுக்கலாம். இந்தத் தடவை கேட்டுக்கறேன். ஆடறியா?"

அவள் தண்ணீர் பாட்டிலை நிரப்பி மூடியைத் திருகினாள். கொஞ்ச நேரம் அதையே திருகிக்கொண்டிருந்தாள்.

"ஆறரைக்குச் சின்னப் பசங்க வந்துடுவாங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

செருப்புச் சத்தம் தெருமுனை திரும்பும்வரை அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடிதத்தை எடுத்து, வலது மேல் மூலையில், அது கைக்குக் கிடைத்த தேதியை எழுதினார். 2025 ஜனவரி 23, வியாழக்கிழமை.